ஈ பிளாக்கின் ஒரே வாய்

எங்கள் கம்பெனிக்கு ஜனநாயகத்தின் மேல் திடீரென்று பாசம் பொங்கியது 1976 அக்டோபரில். அதற்கு முந்தின மாதம் பக்கத்துக் காம்பில் தண்ணீர் சரியில்லை என்று ஆட்கள் இரண்டு நாள் டூட்டிக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்து, பதினாறு பேரை விமானம் ஏற்றி அனுப்பிய பிறகுதான் அடங்கியது. எங்கள் மேனேஜர் துரை அதைப் பார்த்து யோசித்திருக்கிறார். பிளாக்குக்கு ஒரு மெம்பரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுங்கள், குறை இருந்தால் அவர் மூலம் சொல்லுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். அதை டைப் அடித்தவன் நான். அரபு நாட்டில், ரூவியிலிருந்து மூன்று மைல் தள்ளி, மொட்டை மலைக்கு அடியில் இருந்த அந்தக் காம்பின் ஆபீசில் குமாஸ்தா. டைப் அடிப்பது, நோட்டு எழுதுவது, வாயை மூடிக்கொண்டிருப்பது என்று மூன்று வேலை. மூன்றிலும் நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

ஈ பிளாக்கில் எண்பது பேர். எல்லாரும் தமிழ் ஆட்கள், பாதிப் பேர் ராமநாதபுரம் ஜில்லா. அங்கே நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோரில் வேலை பார்த்த ரவிசங்கர். இன்னொருவர் அம்மையப்பன்.

அம்மையப்பன் கம்பி கட்டுகிறவர். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பியை வளைத்து முடிச்சுப் போடுகிற வேலை. நாற்பது வயது இருக்கும். குள்ளம். வெள்ளிக்கிழமை மட்டும் சலவை வைத்த வெள்ளைச் சட்டை போடுவார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் ஊரில் ஒருமுறை நகராட்சி வார்டு தேர்தலில் நின்று பதினோரு ஓட்டில் தோற்றவர். அந்தப் பதினோரு பேர் யார் யார் என்று அவரால் பெயர் சொல்ல முடியும். கேட்டால் சொல்லவும் செய்வார், அதனால் யாரும் கேட்பதில்லை.

வேட்பாளர்கள் காம்பின் பிரச்சினைகள் பற்றித் தங்கள் கருத்தை அரைப் பக்கம் ஆங்கிலத்தில் தர வேண்டும் என்று துரை சொல்லியிருந்தார். அதற்காக அம்மையப்பன் ஒரு வெள்ளிக்கிழமை காலை என்னிடம் வந்தார். வெள்ளைச் சட்டை.

"எழுதிக்கிருங்க சார்" என்று ஆரம்பித்தார். "குடிக்கிற தண்ணித் தொட்டிக்கு மூடி இல்ல. போன மாசம் செத்த புறா ஒண்ணு கெடந்துச்சு. நாந்தான் எடுத்தேன். குளிக்கிற தொட்டிக்கும் குடிக்கிற தொட்டிக்கும் ஒரே குழாய்தான் போடுறான் டாங்கர்க்காரன். அந்தக் குழாய் கக்கூஸ் வாசல்லதான் கெடக்கு. இத மொதல்ல போடுங்க. அப்புறம் சைட்டுக்குக் கொண்டுபோற லாரிக்குக் கூரை வேணும். வெயில்ல நின்னுக்கிட்டே போறோம். ஆடு மாட்டக்கூட இப்படி ஏத்த மாட்டாய்ங்க."

நான் எழுதிக்கொண்டேன். அவர் குரலை இறக்கினார்.

"இதெல்லாம் சில்லறை சார். பெரிய விசயம் வேற. எங்க வார்டுல பத்துத் தெரு. ஒரு தெருக்காரன் தனியாப் போயி சேர்மன்கிட்ட குழாய் கேட்டான், இன்னொருத்தன் தனியாப் போயி வெளக்கு கேட்டான். சேர்மன் ஒரே ஒரு தெருவுக்குக் குழாயப் போட்டுட்டு ஒம்பது தெரு வாயையும் அடைச்சுப்புட்டாரு. இங்கயும் அதே கூத்துதான். சிக் ஸ்லிப் வேணும்னா ஒருத்தன் முறுக்கு டின்னத் தூக்கிக்கிட்டுப் போறான், ஒருத்தன் லுங்கி வாங்கிக் குடுக்குறான். குடுக்காதவன் காச்சலோட டூட்டிக்குப் போறான். இனிமே எம்பது பேருக்கும் ஒரே வாய்தான். ஸ்லிப்போ, லீவோ, தண்ணியோ, மெம்பர்தான் ஆபீசுக்குப் போவான். வேற எவனும் படி ஏறக் கூடாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சிக் ஸ்லிப் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அதைக் கொடுக்கிறவர் காம்ப் பாஸ் நாகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வாங்கிப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

"நீங்க இல்லாத நேரத்துல யார் போறது?" என்று கேட்டேன்.

அம்மையப்பன் சிரித்தார். "நான் எங்கிட்டுப் போவேன் சார்? பாஸ்போர்ட்டுதான் ஒங்க பீரோவுல பூட்டிக் கெடக்கே."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் சொன்னதை ஐந்து வரியாகச் சுருக்கி டைப் அடித்துப் பலகையில் ஒட்டினேன். ஈ பிளாக்கில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்திருக்கலாம்.

அவருக்குப் பலகை தேவைப்படவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மெஸ் ஹாலில் காலண்டர் முருகனுக்கு முன்னால் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார். மெம்பர் சொல்லாமல் ஆபீஸ் படி ஏற மாட்டேன் என்று ஒவ்வொருவரும் சொல்லி, எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைக்க வேண்டும். கோர்ட்டில் வாங்குகிற சத்தியத்துக்கு எங்கள் ஊர்க்காரன் பயப்பட மாட்டான். கற்பூரம் அப்படி இல்லை. மீறினால் பிள்ளை குட்டிக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர். எழுபத்தொரு பேர் அணைத்தார்கள். முதல் ஆளாக அணைத்தவன் உடையப்பன்.

உடையப்பன் அம்மையப்பனின் தங்கை புருஷன். தங்கை சரசுக்கு ஒரே அண்ணன் இவர். அப்பா இல்லாத குடும்பம், கல்யாணத்தை முடித்து வைத்தது இவர். அந்த வருஷம் மார்ச்சில் ஏஜெண்டைப் பிடித்து உடையப்பனை இங்கே கொண்டுவந்ததும் இவர்தான். முப்பது வயது, நெட்டையான ஆள், அதிகம் பேச மாட்டான். ஊரில் மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

ஓட்டு எண்ணினவனும் நான். அம்மையப்பனுக்கு எழுபத்தொன்று. ரவிசங்கருக்கு ஒன்பது. முடிவைச் சொன்னதும் அம்மையப்பன் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆறு வாரம் நன்றாகவே நடந்தது. காலை ஐந்தரைக்கு அம்மையப்பன் ஆபீஸ் வாசலில் நிற்பார். காய்ச்சல்காரர்களின் பெயரை ஒப்பிப்பார். முறுக்கு டின் இல்லாமலே ஸ்லிப் கிடைத்தது. எண்பது பேருக்காக ஒருவர் வந்து நிற்கும்போது நாகலிங்கத்தால் முகத்தைத் திருப்ப முடியவில்லை. தொட்டி மூடிக்கு ஆர்டர் போட்டாயிற்று என்று துரை சொன்னார். லாரிக் கூரையை யோசிக்கிறேன் என்றார். நான்கூட, சரி, இந்தக் கூத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்தேன். என்னைப் போன்ற ஆளுக்கு அதெல்லாம் வரவே கூடாது.

டிசம்பர் முதல் வாரம் துரை எனக்கு ஒரு லெட்டர் கொடுத்தார். நிஸ்வாவைத் தாண்டி உள்நாட்டில் ரோடு போடுகிற சைட்டில் பாலத்துக்குக் கம்பி கட்ட ஆறு பேர் வேண்டும், உடனே அனுப்பவும். ஆறு பெயர் இருந்தது. அம்மையப்பன் உட்பட ஆறில் மூன்று பேர் பிளாக் மெம்பர்கள். பழி வாங்கினாரா, தற்செயலா, எனக்குத் தெரியாது. நான் டைப் அடித்தேன்.

லாரி ஏற அரை மணி நேரம் கொடுத்தார்கள். அம்மையப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈ பிளாக் வாசலில் நின்று, "பத்து நாளு வேலைதானாம். வந்துருவேன். அதுவரைக்கும் கட்டுப்பாடா இருங்கப்பா, எவனும் தனியாப் போயி வாலாட்டாதீங்க" என்றார். உடையப்பன் பெட்டியை வாங்கி மேலே வைத்தான்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று. அவருக்குப் பதில் இன்னொரு மெம்பர் தேர்ந்தெடுக்க வேண்டாமா என்று ஒரு நாள் துரையிடம் கேட்டேன். அவர் கம்பெனி வேலையில்தானே இருக்கிறார், பதவி ஒரு வருஷத்துக்கு, என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. புகார் நோட்டில் தினமும் ஈ பிளாக்குக்கு நேராக 'இல்லை' என்று எழுதினேன். ஒரு மாதம் முழுக்க ஒரு ஸ்லிப்கூட இல்லை. சத்தியம் செய்யாத ஒன்பது பேரும் மற்றவர்களுக்குப் பயந்து படி ஏறவில்லை. எண்பது பேரில் ஒருவனுக்கும் ஒரு மாதமாகத் தலைவலி வரவில்லை என்று எந்த முட்டாளாவது நம்புவானா? நான் நம்புகிற மாதிரி எழுதினேன்.

ஜனவரி இரண்டாவது வாரம், சைட்டுக்குச் சாமான் கொண்டுபோகிற லாரி டிரைவர் மஹ்மூது என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். அம்மையப்பன் யாரிடமோ சொல்லி எழுதிய கடிதம். உடையப்பனுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல் என்று மஹ்மூது போய்ச் சொல்லியிருக்கிறார். அம்மையப்பன் அங்கே லீவு கேட்டதற்கு, மாஃபி, கிடையாது என்று விரட்டியிருக்கிறார்கள். கடிதத்தில் நான்கே வரி. சத்தியம் எல்லாம் வாபஸ், எல்லாரும் ஆபீசுக்குப் போங்கள், மாப்பிள்ளையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். கீழே அவருடைய கோணல் கையெழுத்து.

நானே அதை ஈ பிளாக்குக்கு எடுத்துப் போனேன். உடையப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அந்த ரூமில் எட்டுக் கட்டில். அதில் மூன்றில் ஆட்கள் போர்த்திக்கொண்டு கிடந்தார்கள். கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். யாரும் அசையவில்லை.

வயதான கொத்தனார் ஒருவர், "கையால அணைச்சத காகிதத்தால எப்படி சார் அவுக்கிறது?" என்றார். "வாங்குன ஆளு வரணும். மறுபடி ஏத்தி வச்சு, அவரு வாயால விட்டேன்னு சொல்லணும். அதுதான மொறை?"

"உடையப்பா, எந்திரிச்சு வா. ஸ்லிப் நானே வாங்கித் தர்றேன்" என்றேன்.

அவன் மெதுவாகத் திரும்பினான். உதடு வெடித்திருந்தது. "வேணாம் சார். மச்சான் வந்துருவாக."

"மச்சான்தாம்ப்பா போகச் சொல்லி எழுதியிருக்கார்."

"நான் படுத்திருக்கேன்னு எழுதியிருக்காக சார். வேற ஒருத்தன் படுத்துக் கெடந்தா எழுதுவாகளா? நாளைக்கு இவுக எல்லாம் என்ன சொல்லுவாக? சொந்தத்துக்குன்னா ஒரு நாயம், ஊருக்குன்னா ஒரு நாயம்னுதான. மொதல்ல அணைச்சவன் நான். நானே அதக் கெடுக்கவா?" மூச்சு வாங்கிக்கொண்டு, "ஊருல எம் புள்ள இருக்கு சார்" என்று மட்டும் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் வந்ததாகத்தான் அப்போது நினைத்தேன். வீட்டுக்குப் போனேன். ரூவியில் ஒரு சந்தில் மாடியில் வீடு. நீலா, என் மனைவி, அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் எப்போதும் கொதிக்க வைத்துத்தான் குடிப்போம்.

மறுநாள் நாகலிங்கத்திடம் சொன்னேன். வான் அனுப்பி அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாமே என்றேன்.

"நானோ அவையளைப் பிடிச்சு வைச்சிருக்கிறன்?" என்றார். "கதவு திறந்துதானே கிடக்கு. ஒருத்தரும் வந்து கேக்கேல்லை எண்டால் நான் என்ன செய்யிறது? அவையள் தாங்களாப் போட்ட சட்டம். மெம்பர் வந்து சொல்லட்டும், உடனே அனுப்புறன்."

துரையின் அறை என் மேசையிலிருந்து எட்டடி. நீலாவும் குழந்தையும் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அவர்களின் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் காகிதம் அப்போது துரையின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்த எட்டடியை நான் ஏன் நடக்கவில்லை என்று கேட்டால் அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் கிடையாது.

மேலும் ஐந்து நாள். ஆறாம் நாள் மத்தியானம் நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் படி ஏறினார்கள். உடையப்பனுக்கு நினைவில்லை. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. அவன் நடந்து வரவில்லை, நாங்களும் எங்களுக்காக வரவில்லை, அதனால் சத்தியத்தில் சேராது என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்ய அவ்வளவு நேரம் பிடித்திருக்கிறது. நாகலிங்கம் ஓடி வந்து வானை எடுக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் டாக்டர் டைபாய்டு என்றார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, பத்து நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் மாத்திரையிலேயே போயிருக்கும் என்றார். மறுநாள் விடியற்காலை உடையப்பன் செத்துப்போனான்.

அன்று மத்தியானம் மஹ்மூதின் லாரி வந்து நின்றது. அம்மையப்பன் யாரிடமும் கேட்காமல் சைட்டை விட்டு ஏறி வந்திருந்தார். தலை முதல் கால் வரை புழுதி. படி ஏறி என் மேசைக்கு நேராக வந்தார்.

"ஸ்லிப் வாங்கியாச்சா சார்?"

நான் எழுந்து நின்றேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சொல்லிவிட்டேன். அவர் என் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதார். ஆபீசில் எல்லா டைப்ரைட்டரும் நின்றுவிட்டன. வெளியே லாரி பக்கத்தில் மஹ்மூது தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஜல்தி லாயா பாய், பஹுத் ஜல்தி லாயா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வேகமாகத்தான் ஓட்டி வந்தேன் என்பது அவருக்கு யாராவது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த வாரமே தொட்டிக்கு மூடி வந்தது. நீல பெயிண்ட் அடித்த இரும்பு மூடி, பூட்டோடு. மாதாந்திர ரிப்போர்ட்டில், காம்பிலேயே மிகக் குறைந்த புகார் உள்ள பிளாக் ஈ பிளாக், கமிட்டி முறை நல்ல பலன் தருகிறது என்று துரை எழுதினார். டைப் அடித்தவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈ பிளாக்கில் ஒருவரும் அம்மையப்பனைத் திட்டவில்லை. சொன்ன சொல் தவறாமல் இருந்துவிட்டோம் என்று அவர்களுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவர் மறுபடி கற்பூரம் ஏற்றி, எல்லாரையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். அடுத்த நாள் காலை ஒருவன் முறுக்கு டின்னோடு நாகலிங்கம் வீட்டு வாசலில் நின்றான்.

உடல் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அம்மையப்பன் தங்கைக்குக் கடிதம் எழுத என்னிடம் வந்தார். ரூமில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் இதைச் சொல்லி எழுத அவருக்கு மனசு வரவில்லை.

"உள்ளத உள்ளபடி எழுதுங்க சார். தாயி சரசு, ஒம் புருசன நாந்தான் கொன்னேன். ஆபீசுக்குப் போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனவன் நான். எம் பேச்சக் காப்பாத்தத்தான் அவன் படுத்தே கெடந்தான். நான் அங்க இல்ல. இத எழுதுங்க. அவ என்ன வஞ்சாலும் சரி, மூஞ்சியிலயே முழிக்காதன்னாலும் சரி. அவளுக்குத் தெரியணும்."

நான் எழுதினேன். விஷக் காய்ச்சல் என்று எழுதினேன். நல்ல டாக்டர்கள் பார்த்தார்கள், விதி முடிந்துவிட்டது என்று எழுதினேன். நான் பக்கத்திலேயே இருந்தேன் என்று அம்மையப்பன் சொல்கிற மாதிரியும் எழுதினேன். அந்தப் பெண்ணுக்குப் புருஷனும் போய், இருக்கிற ஒரே அண்ணனும் போக வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. அது இரக்கம் என்றுதான் நினைத்தேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் தினமும் வந்து தபால் வந்ததா என்று கேட்டார். சாப்பாடு குறைந்துவிட்டது, சைட்டில் யாரோடும் பேசுவதில்லை என்றார்கள். பதில் வந்த அன்று என் எதிரில் கைகட்டி நின்றார்.

படித்தேன். அண்ணே, ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, நீங்க இல்லாட்டி இந்தக் குடும்பம் என்னைக்கோ போயிருக்கும் என்று சரசு எழுதியிருந்தாள். அடுத்த வரியில், கடைசி நேரத்துல ஒங்க கையால ஒரு வாய்த் தண்ணி குடிச்சிருப்பாரே, அது போதும் எனக்கு என்று இருந்தது. அந்த வரியை நான் படிக்காமல் தாண்டினேன்.

"சத்தியத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையா சார்?"

"இல்லை."

"வய்யவே இல்லையா?"

"இல்லை, அம்மையப்பன்."

"அவளுக்கு விளங்கல சார். விளங்கியிருந்தா இப்படி எழுத மாட்டா. இன்னொரு தரம் எழுதுங்க, தெளிவா."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். கற்பூரம் ஏற்றியது, லாரியில் போனது, கடிதம் அனுப்பியது, வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, என் பேனா நிற்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னார். முதல் கடிதத்தில் என்ன எழுதினேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நிறுத்தின இடத்திலெல்லாம் நானும் பேனாவை நிறுத்தினேன். குழந்தையைப் பார்த்துக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள், மழை பெய்ததா என்று ஒரு பக்கம் நிறைந்தது.

அம்மையப்பன் அதை வாங்கி, கீழே கையெழுத்துப் போட்டு, மை காயும்வரை ஊதினார்.

"இப்ப விளங்கிக்கிருவா" என்றார்.